கட்டுப் பிரித்த பிறகு

வெண்புள்ளிக்கு நிறமி செல்களை இடம் மாற்றி வைக்கும் சிகிச்சை உண்டு. தொடையில் மெல்லிய தோலைச் சீவி எடுத்து, அதிலுள்ள மெலனோசைட் என்னும் நிறமி செல்களைப் பிரித்து, மேல்தோல் நீக்கிய வெண்திட்டின் மீது பரப்பிக் கட்டுப் போடுவார்கள்.

முதல் வாரம் முழுக்க அந்தக் கட்டைக் காப்பதுதான் வேலை. செல்கள் புது இடத்தில் ஒட்டிப் பிடிக்கும் நாட்கள் அவை. தண்ணீர் படக்கூடாது, அந்த இடம் அதிகம் அசையக்கூடாது. சிகிச்சை முழங்காலில், விரல் மூட்டில் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

ஏறக்குறைய 7 நாளில் கட்டைப் பிரித்தால் தெரிவது இளஞ்சிவப்புத் தோல்தான். "நிறம் எங்கே?" என்று பலர் அங்கேயே மனம் உடைந்துபோகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். சில வாரங்கள் கழித்துத்தான் நிறம் மெல்ல எட்டிப் பார்க்கும். சுற்றியுள்ள தோலோடு கலக்க 6 மாதமோ, அதற்கு மேலோ ஆகலாம். நடுவில் சற்றுக் கருத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது தானே மங்கும்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். இறுக்கமான உடையின் உராய்வு வேண்டாம். வெயிலோ ஒளி சிகிச்சையோ, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும். சீழோ காய்ச்சலோ வந்தால், வலி கூடினால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெண்புள்ளி தொற்றாது. தயங்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.