பிரஷர் நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது!

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து ஜேடர்பாளையம் மாதிரி ஊர்களில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. உங்கள் மாத்திரைப் பட்டையில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிகிற பெயர் இருக்கிறதா? வாருங்கள், அதன் மேடைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்!

அந்த மாத்திரை கட்டிப்போடுவது ஏசிஇ என்ற நொதியை. 1956-ல் லியோனார்டு ஸ்கெக்ஸ் குழுவினர் குதிரை ரத்தத்தில் கண்டது. நுரையீரல் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் நிறையவே உட்கார்ந்திருக்கும். கொடிக்கால் வெற்றிலையில் காம்பைக் கிள்ளுகிறோமே, அப்படிப் புரதத் துணுக்கின் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலத்தைக் கிள்ளிவிடும். பத்து அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின் என்ற துணுக்கு இப்படி எட்டாகிறது. அதனால் ரத்தக்குழாய் இறுகி, பிரஷர் எகிறுகிறது.

இதுவரை பழைய கதை. இனிமேல்தான் குஷி! இதே நொதி வெள்ளை அணுக்களுக்குள்ளும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸ் சீடார்ஸ்-சினாய் மருத்துவ மையத்தில் கென்னத் பெர்ன்ஸ்டீன் குழுவினர் சுண்டெலியின் நியூட்ரோபில் அணுக்களில் ஏசிஇயைக் கூட்டிவிட்டார்கள். நியூட்ரோபில், கிருமி நுழைந்ததும் முதல் ஆளாக ஓடிவருகிற அணு. கிருமியை அப்படியே விழுங்கி, உள்ளே சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்தைப் பீய்ச்சிக் கொல்லும். ஏசிஇ கூடிய அணுக்களில் அந்தச் சூப்பராக்சைடு இரண்டு மடங்குக்கு மேல் பொங்கியது! மருந்துக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவையே அந்த எலிகள் சமாளித்தன. நொதியே இல்லாத எலிகள் தொற்றில் துவண்டன. 2017-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு வியப்பு: பிரஷரை ஏற்றுகிற ஆஞ்சியோடென்சின் ஏற்பிக்கு இதில் பங்கே இல்லை. அணுவுக்குள் இது தனி வேலை!

2021-ல் மனிதர்களிடமும் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ப்ரில் வகை மாத்திரை கொடுத்ததும் அவர்களுடைய நியூட்ரோபில்களின் கொல்லும் திறன் குறைந்தது. லோசார்டான் போன்ற ‘சார்டான்’ வகைப் பிரஷர் மாத்திரையில் அந்தக் குறை தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! ப்ரில் மாத்திரை இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பது நிரூபணமான விஷயம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் கதை. அந்த அணுவில் ஏசிஇயைக் கூட்டிய எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டி சிறியதாகவே நின்றது. ஒரு காரணம், மறுபடியும் அதே கிள்ளல்தான்: எதிரியின் புரதத் துணுக்குகளை அளவாக நறுக்கி அணுவின் மேற்பரப்பில் காட்டவும் இந்த நொதி கைகொடுக்கிறது, அதைப் பார்த்து டி-அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் பாய்ந்து வருகின்றன!