மேசை ஏன் பெண்பால்?

பிரெஞ்சு பயிலப் புகும் தமிழர் முதலில் இடறி விழுவது பாலில்தான். மேசை பெண்பால், ‘லா தாப்ல்’. அதன்மேல் கிடக்கும் தாள் ஆண்பால், ‘லெ பாப்பியே’. ஏன் என்று இணையவழி வகுப்பில் வினவினால், “நெட்டுருப் போடுங்கள்” என்பதே பெரும்பாலும் விடை. பொருளை நோக்கித் திணையும் பாலும் வகுக்கும் மொழியில் வளர்ந்தவருக்கு அவ்விடை எப்படிப் போதும்? ஆயினும் மேசையிடத்தில் பெண்மையைத் தேடிப் பயனில்லை. தேட வேண்டியது சொல்லின் ஈற்றையும் பிறப்பையுமே.

பிரெஞ்சின் தாய்மொழியாகிய இலத்தீனில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது எனப் பால் மூன்று. பேச்சுவழக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேயத் தேய, மூன்றாம் பால் தன் அடையாளத்தை இழந்தது. அப்பாற் சொற்களுள் மிகப் பல ஆண்பாலில் கலந்தன. சில வழி மாறின. இலையைக் குறித்த ‘ஃபோலியும்’ என்பதன் பன்மை ‘ஃபோலியா’. அந்த ஈறோ பெண்பால் ஒருமைக்கும் உரியது. ஆகவே, பல இலைகளைச் சுட்டிய சொல்லை மக்கள் ஒற்றைப் பெண்பாற் பெயராகக் கொண்டுவிட்டனர்; இன்றும் பிரெஞ்சில் இலை பெண்பாலே. நம் இலக்கணச் சொற்களால் கூறின், பலவின்பால் பெண்பாலாயிற்று. படைக்கருவியைக் குறிக்கும் ‘ஆர்ம்’ பெண்பாலானதும் இவ்வாறே.

‘ஆஜ்’ என முடியும் சொற்கள் ஆண்பால் என்றொரு விதியைப் பாடநூல்கள் தருகின்றன. அதை நம்பி, பக்கத்தைக் குறிக்கும் ‘பாஜ்’ என்பதை ஆண்பாலாக எழுதிச் சிவப்பு மை வாங்கியவன் நான். விதிவிலக்கு என்றார்கள். உண்மையில் அது விலக்கே அன்று. பயணத்தைக் குறிக்கும் ‘வுவாயாஜ்’, செய்தியைக் குறிக்கும் ‘மெஸாஜ்’ ஆகியவற்றின் ஈறு, இலத்தீனின் ‘ஆத்திகும்’ என்னும் மூன்றாம்பால் விகுதியின் தேய்வு. பாலாடைக்கட்டியாகிய ‘ஃபுரோமாஜ்’ சொல்லும் அவ்வினமே: ‘ஃபோர்மா’ என்னும் அச்சில் இட்டு உருவாக்கப்படுவதால் ‘ஃபோர்மாத்திகும்’, பின்னர் ‘ஃபோர்மாஜ்’, நம் தசை சதையானதுபோல் ஒலி இடம் மாறி ‘ஃபுரோமாஜ்’. பக்கமோ ‘பாகினா’ என்னும் பெண்பாற் சொல்லின் வழிவந்தது. படத்தைக் குறிக்கும் ‘இமாஜ்’, கூண்டைக் குறிக்கும் ‘காஜ்’ ஆகியவற்றின் மூலங்களும் பெண்பாலே. வெவ்வேறு குடியிற் பிறந்தவை தேய்ந்து தேய்ந்து ஒரே ஈற்றில் வந்து நின்றன. பிறந்த குடியின் பாலை மட்டும் விடவில்லை.

உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்க்கு முன் ‘லெ’, ‘லா’ இரண்டும் உயிரிழந்து வெறும் ‘ல்’ ஆகிவிடும். ‘லிமாஜ்’ என்று கேட்டால் பால் தெரியாது. ஆதலால் அத்தகைய சொற்களை ‘ஒரு’ எனப் பொருள்படும் ‘அன்’, ‘யூன்’ இவற்றுள் உரியதோடு சேர்த்துப் பயில்வதே நலம்.

புதுச்சொல் வரும்போது பால் எப்படி அமைகிறது என்பதை அண்மையில் கண்கூடாகக் கண்டோம். ‘கோவிட்’ பிரெஞ்சில் நுழைந்தபோது, நச்சுயிரி ஆண்பாலாதலால் ‘லெ’ சேர்த்துப் பலரும் வழங்கினர். 1635-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கழகம் 2020 மே மாதத்தில் குறுக்கிட்டது: சொற்சுருக்கத்தின் கருச்சொல் நோய், நோய் பெண்பால், ஆகவே ‘லா’ சேர்ப்பதே தகும். கியூபெக்கில் ‘லா’ நிலைத்தது. பிரான்சின் தெருக்களில் இன்றும் ‘லெ’ ஒலிக்கிறது.