வாயில்லாப் புழுவின் உணவு இரகசியம்

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வி. "உலகில் எல்லா உணவும் சூரிய ஒளியிலிருந்தே தொடங்குகிறது." சரியா, தவறா?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் "சரி" என்றே கை தூக்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1977-ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே 'ஆல்வின்' என்ற சிறிய நீர்மூழ்கிக் கலம் சுமார் 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியது. கடலடி வெந்நீர் ஊற்றுகளைத் தேடிச் சென்றவர்கள் நிலவியலாளர்கள். ஊற்றைக் கண்டார்கள், அதைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் சிவப்புத் தலை கொண்ட நீண்ட குழாய்ப் புழுக்களும் கூட்டமாக வாழ்வதையும் கண்டு திகைத்தார்கள். அந்தக் குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை!

சூரிய ஒளி எட்டாத கும்மிருட்டு அது. 2 மீட்டர் வரை வளரக்கூடிய அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பிறகு எப்படி உயிர் வாழ்கிறது?

விடையைச் சொன்னவர் ஒரு மாணவி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கொலின் கவனா, ஒரு விரிவுரையில் அந்தப் புழுவின் உடலில் கந்தகப் படிகங்கள் இருப்பதாகக் கேட்டார். உடனே எழுந்து, புழுவுக்குள் கந்தகத்தைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்றார். 1981-இல் அதற்கான சான்றுகள் வெளியாயின.

புழுவின் சிவப்புத் தலை, நீரிலிருந்து உயிர்வளி, கரிவளி, ஹைட்ரஜன் சல்ஃபைட் ஆகியவற்றை ஈர்க்கிறது. இரத்தம் அவற்றை உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களிடம் சேர்க்கிறது. அவை ஹைட்ரஜன் சல்ஃபைட்டை உயிர்வளியுடன் வினைபுரியச் செய்து ஆற்றல் பெறுகின்றன. அந்த ஆற்றலால் கரிவளியை உணவாக மாற்றுகின்றன. இதுதான் வேதிச்சேர்க்கை. புழு தங்க இடம் தருகிறது. பாக்டீரியா சமைத்துப் போடுகிறது.

"அப்படியானால் சூரியனே தேவையில்லையா, ஆசிரியர்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அந்த உயிர்வளி எங்கிருந்து வந்தது? மேலே பாசிகளும் தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து வெளியிட்டது. எனவே இந்தப் புழுவும் மறைமுகமாகச் சூரியனுக்குக் கடன்பட்டதே. ஆனால், ஹைட்ரஜனையும் கரிவளியையும் மட்டும் கொண்டு ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றுக்கு ஒளியும் வேண்டாம், உயிர்வளியும் வேண்டாம்.

ஆகவே, முதல் கேள்விக்கு விடை "தவறு". கனிமப் பொருள்களிலிருந்து தன் உணவைத் தானே தயாரிப்பதுதான் தற்சார்பு உயிரி. பச்சையமும் ஒளியும் அதற்கு ஒரு வழி மட்டுமே. தேர்வில் விளக்கம் எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அறிஞர் பேசும்போது எழுந்து நின்றது ஒரு மாணவிதான். நாளை வகுப்பில் ஐயம் எழுந்தால், நீங்களும் தயங்காமல் கை தூக்குங்கள்.