குளிருக்கு வாங்கும் மேற்சட்டை: தடிப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ வாழ்பவர்கள் குளிராடை வாங்கும் தேவை முன்னர் குறைவாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. மகன் கனடாவில், மகள் லண்டனில் என்று குடும்பங்கள் சிதறிப்போனதால், அறுபது எழுபது வயதில் முதன்முறையாகக் குளிர்நாட்டுக்குப் பயணிக்கும் பெற்றோர் பலர். நுவரெலியாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகும் இளையவர்களும் உள்ளனர். இவர்களில் பலருடைய பெட்டியில் இருப்பது 'பிளீஸ்' எனப்படும் பொசுபொசுப்பான மேற்சட்டை. பாரம் குறைவு, விலையும் கம்பளியை விடக் குறைவு. ஆனால் கையில் தடிப்பாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கினால், தேவையான இடத்தில் அது கைகொடுக்காமல் போகலாம்.

பிளீஸ் என்பது ஆட்டு உரோமம் அல்ல. அது பொலியெஸ்ரர், அதாவது ஒரு வகைப் பிளாஸ்ரிக். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த மோல்டன் மில்ஸ் என்ற ஆலைதான் கம்பளிக்கு மாற்றாக இதனை உருவாக்கிப் பரப்பியது. பொலியெஸ்ரர் நூலைப் பின்னி, அதன் மேற்பரப்பைக் கம்பித் தூரிகைகளால் கிளறி, எழும்பும் இழைகளை ஒரே மட்டமாக வெட்டுகிறார்கள். வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல்களை உருக்கியும் இந்த இழை தயாரிக்கப்படுகிறது.

எந்த ஆடையும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நமது உடலின் சூடு வெளியேறாமல் தடுப்பது, இழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுத்தான். அதனால் வாங்கும்போது துணியின் பாரத்தை விட, அந்த இழைகள் எழும்பி நிற்கின்றனவா என்பதே முக்கியம். விரல்களால் அழுத்திவிட்டு எடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. அமுங்கியபடியே கிடந்தால், உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தால், காற்றைப் பிடித்து வைக்கும் தன்மை குறைந்துவிட்டது என்று பொருள். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும் பழைய உடுப்புகளுக்கும், நுவரெலியா பேல் பஸார் போன்ற இடங்களில் வாங்குபவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

பிளீஸ் துணியின் கனம் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடப்படுகிறது. சுமார் 100 கிராம் என்றால் மெல்லியது, 200 நடுத்தரம், 300 தடித்தது. நுவரெலியா மாலைப் பொழுதுக்கு, உள்ளே ஒரு ரீசேர்ட்டுடன் 200 பெரும்பாலும் போதும். ரொறன்ரோவின் ஜனவரிக்கு 300 கூடத் தனியாகப் போதாது. காரணம், பிளீஸ் காற்றை ஊடுருவ விடும். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுப் படும். குளிர்காற்று வீசும்போது உள்ளே அடைபட்ட சூடான காற்று இப்படித்தான் பறிபோகிறது. எனவே அங்கு உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் நடுத்தரப் பிளீஸ், அதற்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஜக்கெற் என மூன்று அடுக்கு தேவை. வீட்டுக்குள் சூடாக்கி இயங்குவதால், ஒரே தடித்த ஆடையை விடக் கழற்றி அணியக்கூடிய அடுக்குகளே வசதி.

உள்ளே பருத்தி பெனியன் அணிந்து வியர்க்க வியர்க்க நடப்பதையும் தவிர்க்க வேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரவிடும். பொலியெஸ்ரர் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் விரைவில் காய்ந்துவிடும்.

அளவு எடுக்கும்போது உள்ளே ஒரு சட்டை போட இடமிருக்க வேண்டும். ஆனால் தொளதொளவென்று இருந்தால் கழுத்தாலும் கீழாலும் சூடு வெளியேறும். கைகளை உயர்த்தும்போது இடுப்பு வெளியே தெரியக்கூடாது. மணிக்கட்டிலும் கழுத்திலும் உள்ள பட்டி இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

போரில் காயமடைந்தவர்கள் கழுத்தமைப்பைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தோள்மூட்டை உயர்த்த முடியாதவருக்குத் தலைவழியாகப் போடும் மேற்சட்டை பெரும் சிரமம், முழுநீளச் சிப் வைத்ததே பொருத்தம். ஒரு கையை இழந்தவருக்கோ முழுநீளச் சிப்பின் அடிமுனையை ஒற்றைக் கையால் கோர்ப்பதே கடினம். அவருக்கு அடி ஏற்கனவே இணைந்திருக்கும் அரைச்சிப் மேற்சட்டை உதவும். சிப்பின் பிடியில் ஒரு கயிற்று வளையம் கட்டிவிட்டால் இழுப்பது இலகு. நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறைந்த கை, காலில் குளிர் ஏறுவது தெரியாமலே போகலாம். அந்த இடத்தை இடைக்கிடை கண்ணால் பார்த்தும், மற்றக் கையால் தொட்டும் கவனிக்க வேண்டும். குளிரில் பழைய காயம் வலிக்கிறது என்று பெரியவர்கள் சொன்னால், அதை வயதின் புலம்பலாக ஒதுக்காமல் உடுப்பைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெருப்பு. மலையகத்தில் விறகடுப்பின் அருகே குளிர்காய்வது வழமை. பிளீஸின் எழும்பிய இழைகளில் தீ எளிதில் பற்றும். பொலியெஸ்ரர் சுமார் 250 பாகை செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பூதும்போதும் விளக்கேற்றும்போதும் இதைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. தீப்பற்றினால் ஓடக்கூடாது, நிலத்தில் படுத்து உருள வேண்டும். எரிகாயத்தின்மீது 20 நிமிடம் வரை ஓடும் தண்ணீர் விட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைத்து, நிழலில் உலர்த்தினால் இழைகள் நீண்டகாலம் எழும்பி நிற்கும். சூடான இஸ்திரிப்பெட்டி படவே கூடாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, அம்மாவையோ அப்பாவையோ தாமாகவே போட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உதவியில்லாமல் போட முடியாத சட்டை, எவ்வளவு சூடாக இருந்தாலும், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.