குழிப்பந்தாட்ட வீச்சில் தலை நிலையும் உடல் நிலையும்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், மட்டையைப் பின்னோக்கி உயர்த்திப் பந்தை அடித்து முடிக்கும் முழு அசைவு வீச்சு எனப்படும். வீச்சின்போது தலையும் முதுகெலும்பும் இருக்கும் நிலை, மட்டை பந்தின் எப்பகுதியைத் தாக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. புதிதாகப் பழகுவோருக்குத் தலையைக் குனிந்தே வைத்திருக்குமாறு அறிவுரை கூறப்படுவது வழக்கம். ஆயினும் தலையின் தவறான அசைவு பெரும்பாலும் உடல் நிலையில் ஏற்படும் பிழையின் விளைவே ஆகும். ஆகவே திருத்தம் உடல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இக்கட்டுரையின் விளக்கங்கள் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை. இடக்கை ஆட்டக்காரர் இடம், வலம் ஆகியவற்றை மாற்றிக் கொள்ள வேண்டும்.

இயக்க அடிப்படை

மட்டையின் அடிக்கும் முனை ஏறத்தாழ வில் வடிவான பாதையில் செல்கின்றது. அப்பாதையின் மையம் நெஞ்சின் மேற்பகுதிக்கு அருகில் அமைவதாகக் கொள்ளலாம். ஆட்ட விதிகளின்படி பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதாவது அதன் ஆரம் ஏறத்தாழ 2 செ.மீ. ஆகும். தரையில் உள்ள பந்தை அடிக்கும்போது பிற யாவும் மாறாதிருக்க மையம் மட்டும் 2 செ.மீ. உயர்ந்தால், தரையை ஒட்டிச் செல்ல வேண்டிய மட்டையின் கீழ் விளிம்பு பந்தின் நடுப்பகுதியில் மோதும். பந்து மேலெழாமல் தரையில் ஓடும். மையம் தாழ்ந்தால் மட்டை பந்தை அடையும் முன்னரே தரையில் மோதக்கூடும்.

பந்து தரையில் ஓடினால் தலையைத் தூக்கியதே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. ஆனால் இடுப்பு பந்தை நோக்கி நகரும்போது முதுகெலும்பு நிமிர்கின்றது. தலையும் அதனுடன் உயர்கின்றது. முழங்கைகள் மடங்குவதாலும் இதே விளைவு ஏற்படலாம். அப்போது தலை அசைந்திருக்கவே தேவையில்லை.

சரியான தொடக்க நிலை

• பாதங்கள் ஏறத்தாழத் தோள் அகலத்தில் இருத்தல் வேண்டும்.
• முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து முன்சாய வேண்டும்.
• முழங்கால்கள் சற்றே மடங்கி, உடல் எடை பாதத்தின் நடுவில் தங்க வேண்டும்.
• முகவாய் நெஞ்சில் பதியாமல், இடத் தோள் அதன் கீழே செல்லப் போதிய இடைவெளி இருத்தல் வேண்டும்.

முகவாய் நெஞ்சில் பதிந்தால், பின்வீச்சில் இடத் தோள் அதன்மீது முட்டும். அப்போது தோளின் சுழற்சி தடைப்படும், அல்லது தலை இடம் பெயரும். தலையைக் குனியச் சொல்லும் அறிவுரை தவறாகப் புரிந்துகொள்ளப்படும்போது நேர்வது இதுவேயாகும்.

திருத்தப் பயிற்சிகள்

1. முதுகெலும்பு நேராக இருப்பதை அறிதல்: மட்டையை முதுகின் மீது நெடுக்காகப் பிடித்து, அது பின்தலை, தோள்பட்டைகளின் நடு, முதுகின் அடி ஆகிய மூன்றிடங்களிலும் தொட்டவாறே முன்சாய வேண்டும்.
2. உடல் நிமிர்வதைத் தடுத்தல்: பிட்டம் சுவரைத் தொடுமாறு நின்று, மட்டையின்றி மெதுவாக வீச்சை நிகழ்த்த வேண்டும். பின்வீச்சில் வலப்பக்கமும், கீழ்வீச்சில் இடப்பக்கமும் சுவரைத் தொட வேண்டும். இரண்டும் சுவரைவிட்டு விலகினால் இடுப்பு முன்னோக்கி நகர்கின்றது என்பது பொருள்.
3. பக்கவாட்டு நகர்வை அறிதல்: வெயில் முதுகில் படுமாறு நின்று, தலையின் நிழல் விழும் இடத்தில் ஒரு பந்தை வைத்து, வீச்சின்போது நிழல் எவ்வளவு விலகுகின்றது எனக் கவனிக்கலாம்.

தலை அசையலாமா?

தலை முற்றிலும் அசையாதிருக்க வேண்டும் என்பதில்லை. 18 முதன்மைப் போட்டிகளில் வென்ற அமெரிக்கரான ஜாக் நிக்லஸ், ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1950இல் ஆடத் தொடங்கினார். அவருடைய பயிற்சியாளர் ஜாக் கிரௌட், சிறுவரான அவரின் தலைமுடியை உதவியாளர் ஒருவரைக் கொண்டு பிடிக்கச் செய்து, தலை இடம் பெயராமல் வீசப் பழக்கினார். எனினும் நிக்லஸ் வீச்சைத் தொடங்கும் முன் முகவாயை வலப்பக்கம் திருப்பும் வழக்கமுடையவர். தலை இருந்த இடத்திலேயே திரும்புவதும், அது வேறிடத்திற்கு நகர்வதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகின்றது.

ஸ்வீடனின் அன்னிகா சோரென்ஸ்டாம், அமெரிக்காவின் டேவிட் டுவால் ஆகியோரின் தலை, மட்டை பந்தைத் தொடும் நேரத்திலேயே உடலுடன் சேர்ந்து இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். எனினும் டுவால் 1999இலும் சோரென்ஸ்டாம் 2001இலும் தொழில்முறைப் போட்டிகளில் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தனர். அவர்களின் தலை திரும்பினாலும் முதுகெலும்பின் சாய்வு மாறுவதில்லை.

உடல்நலம்

குழிப்பந்தாட்டக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் காயங்களுள் கீழ்முதுகு வலியும் ஒன்று. பந்து சென்ற பின்னரும் தலையை வலிந்து கீழே வைத்திருந்தால், உடல் முழுமையாகத் திரும்ப இயலாது. கழுத்தும் முதுகும் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும். எனவே பந்தை அடித்தபின் வலத் தோளின் சுழற்சியோடு தலையை இயல்பாக உயரவிட வேண்டும். முதுகுவலி உள்ளோர் இப்பயிற்சிகளை மேற்கொள்ளும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.