தோலுக்கும் வெயில் ‘தெரியும்’... தெரியுமா?

சித்திரை வெயிலில் ஒரு வாரம் அலைந்துவிட்டு வந்தால் போதும். “என்னடா, இப்படிக் கறுத்துட்டே?” என்று வீட்டில் கேட்பார்கள். வெயில் சுட்டுக் கருக்கிவிட்டது என்றுதான் நாமும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் கறுப்பு தோல் பார்த்த வேலை! வெயிலை உணர்ந்து, நடந்த சேதத்தைக் கணக்கெடுத்து, நிறமியைத் தயாரித்து, பக்கத்துச் செல்களுக்கு அனுப்பி வைக்கிறது தோல். இந்த வேலையை நடத்துபவை ‘ஏற்பிகள்’. செல்லின் சவ்வில் உட்கார்ந்து, வெளியே இருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்லும் புரதங்கள் இவை. இவற்றின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் பார்ப்போமா?

கறுப்போ வெள்ளையோ, செல் கணக்கு ஒன்றுதான்!

நிறமியான மெலனினைத் தயாரிக்கும் செல்லுக்கு மெலனோசைட் என்று பெயர். மேல்தோலின் அடி வரிசையில் இருக்கும். நைஜீரியர், தமிழர், நார்வேக்காரர் என யாருடைய கையில் எண்ணிப் பார்த்தாலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே! வித்தியாசம் எல்லாம் மெலனின் நிரம்பிய ‘மெலனோசோம்’ என்னும் நுண்பைகளில்தான். கறுத்த தோலில் அவை பெரியவை, ஏராளமானவை, தனித்தனியாகப் பரவி இருப்பவை. வெளுத்த தோலில் சிறியவை, கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடப்பவை.

ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு குடை!

ஒரு மெலனோசைட் தன் கிளைகளை நீட்டி, மேல்தோலில் தன்னைச் சுற்றியுள்ள கெரட்டினோசைட் என்னும் சாதாரணத் தோல் செல்கள் சுமார் 36க்கு மெலனோசோம்களை வழங்குகிறது. வாங்கிக்கொள்ளும் செல்லிலும் அதற்கென்று ஓர் ஏற்பி உண்டு. அதன் பெயர் பிஏஆர்-2. வந்த மெலனினை அந்தச் செல் கண்ட இடத்தில் போட்டு வைப்பதில்லை. டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை பிடித்தாற்போல் குவித்து வைக்கிறது! கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லுக்கு வெயில் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறது!

நாம் கறுப்பது ஒருமுறை அல்ல, இருமுறை!

பூமிக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் யூவி-ஏ. மீதி யூவி-பி. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே வரும் கறுப்பு யூவி-ஏ செய்வது. ஏற்கெனவே இருக்கும் மெலனின் ஆக்சிஜனேற்றம் அடைந்து கருமை கூடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களில் புதிதாக ஒன்றும் தயாராவதில்லை. நிஜமான கறுப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குப் பெரும்பாலும் காரணம் யூவி-பி. இன்னொன்று தெரியுமா? ஜன்னல் கண்ணாடி யூவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யூவி-ஏ சுலபமாக உள்ளே வந்துவிடும்!

கண்ணில் இருக்கும் புரதம் தோலிலும் இருக்கிறது!

மங்கலான வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருவது விழித்திரையில் உள்ள ரோடாப்சின். அதே ரோடாப்சின் மெலனோசைட்டிலும் இருக்கிறது என்று 2011இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எலீனா ஒவான்சியாவின் குழு கண்டுபிடித்தது. யூவி-ஏ பட்ட சில நொடிகளில் செல்லுக்குள் கால்சியம் எகிறியது. ஒரு மணி நேரத்துக்குள் புது மெலனின் உருவாகத் தொடங்கியது! இதற்கு வைட்டமின் ஏயிலிருந்து கிடைக்கும் ரெட்டினால் கட்டாயம் வேண்டும், கண்ணுக்கு வேண்டியிருப்பது போலவே.

அதோடு முடியவில்லை. இந்தச் சேதியைக் கடத்தும் வாசல்களில் ஒன்று டிஆர்பிஏ1 என்ற புரதம். கடுகை அரைத்தால் மூக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அந்தக் காரத்தை நரம்புக்குச் சொல்வதும் இதே டிஆர்பிஏ1தான்!

புற்றுநோயைத் தடுக்கும் புரதமே நம்மைக் கறுக்க வைக்கிறது!

இதுதான் கதையின் உச்சம். யூவி-பி முதலில் தாக்குவது மெலனோசைட்டை அல்ல, மேலே இருக்கும் கெரட்டினோசைட்டின் டிஎன்ஏவை. டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உடனே விழித்துக்கொள்கிறது பி53. கெட்டுப்போன செல் பெருகிப் புற்றுநோய் ஆகிவிடாமல் தடுப்பதற்குப் பேர்போன புரதம் இது. அது பிஓஎம்சி என்னும் மரபணுவை முடுக்குகிறது. அதிலிருந்து பிறக்கும் நீண்ட புரதம் துண்டாகி, ஆல்பா-எம்எஸ்எச் என்ற ஹார்மோன் வெளியேறுகிறது. அது கீழே உள்ள மெலனோசைட்டின் எம்சி1ஆர் ஏற்பியில் போய் உட்காருகிறது. அடுத்த நொடியே செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது. எம்ஐடிஎஃப் என்ற புரதம் பெருகுகிறது. டைரோசினேஸ் என்சைம் மெலனினைத் தயாரிக்கத் தொடங்குகிறது!

பி53 இல்லாத எலிகள் புற ஊதா ஒளியில் கறுக்கவே இல்லை என்று 2007இல் பாஸ்டனில் டேவிட் ஃபிஷரின் குழு நிரூபித்தது. அதாவது, வெயிலில் நம் தோல் கறுத்திருக்கிறது என்றால் அங்கே டிஎன்ஏ ஏற்கெனவே அடிபட்டுவிட்டது என்று அர்த்தம்!

அதே புரதத்திலிருந்து ஒரு போதையும்!

பிஓஎம்சி துண்டாகும்போது பீட்டா-எண்டார்பினும் கிடைக்கிறது. உடம்பே தயாரிக்கும் வலி நிவாரணி அது. மார்பின் போய்ப் பொருந்தும் ஏற்பிகளிலேயே போய்ப் பொருந்தும். தினமும் புற ஊதா ஒளி பட்ட எலிகளின் ரத்தத்தில் எண்டார்பின் ஏறியது. அந்த ஏற்பியை மருந்தால் அடைத்தபோது, போதையை நிறுத்தியவர்களுக்கு வருவது போன்ற நடுக்கம் அவற்றுக்கு வந்தது! 2014இல் வெளியான இந்த ஆய்வும் ஃபிஷர் குழுவினுடையதே. கடற்கரையில் படுத்து வெயில் காயும் வெள்ளைக்காரர்கள் ஏன் எழுந்து வர மறுக்கிறார்கள் என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கலாம்.

ஏற்பி சரியாக வேலை செய்யாவிட்டால் தலைமுடி சிவப்பு!

எம்சி1ஆரின் மரபணு 16ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் சில மாறுதல்கள் வந்தால் ஏற்பி சேதியைச் சரியாக உள்ளே சொல்லாது. கறுப்பு மெலனினுக்குப் பதில் செம்மஞ்சள் மெலனின் பெருகும். விளைவு, செம்முடியும் வெளுத்த தோலும்! வெயிலில் கறுக்க மாட்டார்கள், வெந்துபோவார்கள். இந்தத் தொடர்பு 1995இல் தெரியவந்தது. ஐரோப்பியரிடம் இந்த மரபணுவில் மாறுதல்கள் ஏராளம். ஆப்பிரிக்கரிடமோ, ஏற்பியின் வடிவத்தையே மாற்றும் மாறுதல்கள் மிக மிக அரிது. சுள்ளென்ற வெயிலில் இந்த ஏற்பியோடு விளையாட இயற்கை அனுமதிக்கவில்லை!

கறுக்க வைக்க மட்டுமல்ல, அடக்கி வைக்கவும் ஆள் உண்டு!

மெலனோசைட்டில் ஆப்சின்-3 என்று இன்னொன்று இருக்கிறது. பார்வைப் புரதங்களின் குடும்பத்தில் பிறந்தது. ஆனால் இது ஒளிக்காகக் காத்திருப்பதில்லை! எம்சி1ஆரோடு ஒட்டிக்கொண்டு, அது கிளப்பும் சேதியைக் குறைத்துவிடுகிறது. ஆப்சின்-3ஐ நீக்கிப் பார்த்தபோது செல்லில் மெலனின் கூடியது. 2019இல் இதையும் சொன்னது ஒவான்சியாவின் குழுதான்.

உள்ளங்கை மட்டும் ஏன் வெளுப்பு?

எவ்வளவு கறுத்தவருக்கும் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுப்பாகவே இருக்கும். வெயில் படாததால் என்று நினைத்தால் அது பாதிக் கதைகூட இல்லை! அங்கே மேல்தோலுக்குக் கீழே அடித்தோலில் இருக்கும் செல்கள் டிகேகே-1 என்ற புரதத்தை நிறையச் சுரக்கின்றன. அது மெலனோசைட்டின் வளர்ச்சியையும் நிறமித் தயாரிப்பையும் அடக்கி வைக்கிறது.

மங்குக்கும் ஏற்பிக்கும் உறவு!

கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு படரும். ஈஸ்ட்ரோஜன் ஓர் ஏற்பி வழியாக மெலனினைக் கூட்டுகிறது, புரொஜெஸ்டிரோன் வேறோர் ஏற்பி வழியாகக் குறைக்கிறது என்று 2016இல் தெரியவந்தது. ஒரே செல்லில் இரண்டு பெண் ஹார்மோன்களும் எதிரெதிராக இழுக்கின்றன!

சூரியன் மறைந்த பிறகும் வெயில் அடிக்கும்!

இது கொஞ்சம் பயமுறுத்தும் செய்தி. யேல் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. புற ஊதா ஒளியை அணைத்து இருட்டில் வைத்த பிறகும் மெலனோசைட்டின் டிஎன்ஏவில் சேதம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்தது! காரணம், காப்பாற்ற வேண்டிய மெலனினேதான். வேதிவினையால் உடைந்த மெலனின் துண்டுகள் அந்த வினையிலேயே ஆற்றல் பெற்று, அதை டிஎன்ஏ மீது இறக்கிவிடுகின்றன.

வெயிலே படாமல் கறுக்க ஒரு மருந்து!

மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் மனிதத் தோல் கறுக்கும் என்று 1961லேயே காட்டியவர் யேலின் ஆரன் லெர்னர். மெலடோனினைக் கண்டுபிடித்ததும் இவரே. அந்த ஹார்மோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்துதான் அஃபமெலனோடைட். புரோட்டோபார்பிரியா என்ற அரிய நோயின் ஒரு வகையில் சில நிமிட வெயில்கூடத் தாங்க முடியாத வலியைத் தரும். அந்த நோயாளிகளுக்கு இந்த மருந்தைத் தோலுக்கடியில் வைத்தால், அது நேராக எம்சி1ஆரைத் தூண்டி மெலனினைப் பெருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வைத்தால் போதும். 2014இல் ஐரோப்பாவும் 2019இல் அமெரிக்காவும் இதற்கு அனுமதி கொடுத்தன.

சிவப்பழகு கிரீமுக்குத் தெருவுக்குத் தெரு விளம்பரம் வைக்கும் இதே உலகத்தில்தான், ஆளைக் கறுப்பாக்கிக் காப்பாற்றும் மருந்தை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்!