பொறுக்கிய மூட்டை எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் கையுறையும் சாக்குப்பையுமாக ஒரு கூட்டம் நிற்பது இப்போது பழகிப்போன காட்சி. வெயில் ஏறுவதற்குள் மணல் பளிச்சென்று ஆகிவிடும். மூட்டைகளை அடுக்கி ஒரு போட்டோ, பிறகு ஆளாளுக்கு டிபன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே குப்பை. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று வாக்கிங் வருகிறவர்கள் கேட்பதை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது.

கரையில் கிடப்பதெல்லாம் கரைக்கு வந்தவர்கள் போட்டதல்ல. பெசன்ட் நகருக்குச் சற்று வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. ஊருக்குள் வாய்க்காலில் விழுந்தது, பாலத்திலிருந்து வீசியது எல்லாம் ஆற்றோடு முகத்துவாரத்துக்கு வந்து சேரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதால், வெள்ளம் அடித்துவந்ததைக் கடல் தெற்கே கொண்டுபோய் ஒதுக்குகிறது. ஒரு பெருமழை போதும், ஒரு மாதம் பொறுக்கியது வீண்.

ஆகவே எதைப் பொறுக்கினோம் என்று பார்ப்பது முக்கியமாகிறது. சுண்டல் பொட்டலமும் ஐஸ்கிரீம் குச்சியும் கரைக்கு வந்தவர்கள் போட்டவை. தெர்மாகோல் துணுக்கு, ஒற்றைச் செருப்பு, சேறு படிந்த ஷாம்பு பாக்கெட் ஆகியவை பெரும்பாலும் ஆறு கொண்டுவந்தவை. குனிந்து மணலைக் கிளறினால் நகத்தளவு முக்கோணத் துண்டுகளும் அகப்படும். அவை பால் கவரின் வெட்டிய மூலைகள். கவரைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். மூலையை எடுக்க ஆள் கிடையாது. வெட்டும்போது முழுதாகத் துண்டித்துவிடாமல் கொஞ்சம் ஒட்டியிருக்க விட்டால், அதுவும் கவரோடு கடைக்குப் போய்விடும்.

கிடைத்ததை எண்ணி எழுதும் வழக்கத்துக்கு வயது நாற்பதை ஒட்டுகிறது. 1986 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் சுமார் 2,800 பேரைத் திரட்டினார்கள். பொறுக்கியதோடு விடாமல், ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று அட்டையில் குறிக்கவும் சொன்னார்கள். கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டக் கூடாது என்ற சர்வதேச விதியை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு இப்படிப்பட்ட கணக்குகள் கை கொடுத்தன. அமெரிக்கா 1987-இல் அதை ஏற்றது. 1988 டிசம்பர் 31 முதல் விதி அமலுக்கு வந்தது. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையில் உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள் அந்த டெக்சாஸ் காலையின் தொடர்ச்சிதான். அந்த நாளில் எண்ணும் பொருள்களின் பட்டியலில் பல ஆண்டுகளாக முதலிடம் சிகரெட் துண்டுக்கு. 2019-இல் தின்பண்ட உறைகள் அதை முந்தின: உறைகள் சுமார் 47 லட்சம், சிகரெட் துண்டுகள் சுமார் 42 லட்சம்.

நம் ஊரில் "மூன்று டன் அகற்றினோம்" என்று எடையைச் சொல்லவே பிடித்திருக்கிறது. எடையை அப்படியே நம்ப வேண்டாம். மூட்டையில் பாதி ஈரமணலாக இருக்கும். மேலும், ஒரு பழைய மெத்தை ஆயிரம் சாஷேயைவிடக் கனம். ஆமையின் வயிற்றுக்குள் போவதென்னவோ சாஷேதான்.

இனி மூட்டைக்கு வருவோம். பெட் பாட்டிலுக்கும் அட்டைக்கும் காயலான் கடையில் விலை உண்டு. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டை யாரும் சீண்டமாட்டார்கள். அதைத் தனியே பிரித்து, உலர்த்தி அனுப்பினால் அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்க எடுத்துக்கொள்வதுண்டு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் ஈரத்தோடு திணித்தால் கொடுங்கையூரோ பெருங்குடியோ, ஏதோ ஒரு குப்பைமேட்டுக்குத்தான் போகும். வண்டிக்கு முன்கூட்டியே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் சொல்லாவிட்டால் அதுவும் நடக்காது. ரோட்டோரம் அடுக்கிய மூட்டைகளைத் திங்கட்கிழமைக்குள் நாய் கிழித்து, காற்று மறுபடி மணலுக்கே கொண்டுவந்துவிடும். அந்த மூட்டையை அள்ளப்போவது ஏற்கெனவே ஓய்ந்துபோன தூய்மைப் பணியாளர்தான் என்பதை போட்டோ எடுப்பவர்கள் கொஞ்சம் நினைக்கலாம்.

ஆர்வக்கோளாறில் நடக்கும் கெடுதலும் உண்டு. மணலில் படர்ந்த அடும்பங்கொடியைப் புதர் என்று பிடுங்கிவிடுகிறார்கள். மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பதே அந்தக் கொடிதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம் என்பதால் மணலைத் தோண்டிக் கிளறுவதும் ஆகாது. ஊசி, உடைந்த கண்ணாடி, நாப்கின் இவற்றுக்கு இடுக்கி வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

பொறுக்குவதற்கே வேலை குறைந்த ஓர் இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. நீலகிரிக் காடுகளில் குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்துவந்தன. தன்னார்வலர்கள் மாய்ந்து மாய்ந்து பொறுக்கியும் தீரவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. குடிப்பவரே திருப்பித் தர ஆரம்பித்தார். அவர் விட்டுப்போனதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பத்து ரூபாய் வாங்க வேறு ஆள் வந்தது. இந்த முறை பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போயிற்று.

ஷாம்பு சாஷேக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு பத்து பைசாகூட இல்லை. அவற்றை விற்கும் நிறுவனங்களே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. எந்த நிறுவனத்தின் பாக்கெட் எத்தனை என்ற கணக்கை, பெயர் போட்டு, தேதி போட்டு ஒவ்வொரு ஞாயிறும் எழுதி வைக்கும் குழுவுக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்பதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.